ஃபியூஸ் போகல, ஆனா ஹோல்டர் உருகிடுச்சு! காரில் ஆம்ப்ளிஃபயர், இன்வெர்ட்டர் மாட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

காரில் புதிதாக சப்வூஃபரும் ஆம்ப்ளிஃபயரும் மாட்டி ஆறு மாதம்தான் ஆகியிருக்கும். நீண்ட பயணத்தில் பாட்டு திடீரென விட்டு விட்டுக் கேட்கும். பிளாஸ்டிக் கருகுகிற வாடை வரும். பானெட்டைத் திறந்து பார்த்தால் பேட்டரி பக்கத்தில் இருக்கும் ஃபியூஸ் ஹோல்டர் உருகி நெளிந்து கிடக்கும். ஆனால், உள்ளே இருக்கும் ஃபியூஸ் மட்டும் அப்படியே முழுசாக இருக்கும்!

“ஃபியூஸ் டூப்ளிகேட் போல, அதான் போகல” என்பதுதான் பெரும்பாலும் வரும் முதல் தீர்ப்பு. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், தரமான, சரியான அளவு ஃபியூஸ் போட்டிருந்தாலும் இது நடக்கும். ஏனென்றால், ஃபியூஸ் தன்னைத் தாங்கிப் பிடித்திருக்கும் ஹோல்டரைக் காப்பாற்றாது. அது அதன் வேலையே இல்லை.

ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று எல்லோரும் கேட்டு வாங்குகிறோம். அதை உட்கார வைக்கும் ஹோல்டரை மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை அப்படியே வாங்கி வந்துவிடுகிறோம். 10 ஆம்பியர் ஓடும் ஃபாக் லேம்ப்புக்கு அது பரவாயில்லை. 60, 100 ஆம்பியர் ஓடும் லைனுக்கு அந்த அலட்சியம் தீயில் போய் முடியலாம்.

ஃபியூஸ் யாருக்குக் காவல்?

ஆம்ப்ளிஃபயரைக் காப்பாற்றத்தான் பேட்டரி பக்கத்தில் ஃபியூஸ் போடுகிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த மெயின் ஃபியூஸ் வயருக்கான காவல். ஆம்ப்ளிஃபயருக்கு அதன் உடம்பிலேயே தனி ஃபியூஸ் இருக்கும்.

பேட்டரியிலிருந்து டிக்கி வரை நாலைந்து மீட்டர் வயர் ஓடுகிறது. வழியில் இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டில் துளை வழியாக நுழைகிறது. அங்கே ரப்பர் கிராமெட் இல்லையென்றால், அதிர்வில் உரசி உரசி வயரின் மேல்தோல் கிழிந்து, செம்பு நேராகக் கார் பாடியைத் தொடும். கார் பாடிதான் எர்த். ஆக, அது நேரடி ஷார்ட் சர்க்யூட். சிறிய கார் பேட்டரிகூட அந்த நேரத்தில் பல நூறு ஆம்பியரைத் தள்ளும். நடுவில் ஃபியூஸ் இல்லையென்றால் வயர் முழுக்கப் பழுத்து, கார்பெட்டுக்குக் கீழே தீப்பிடிக்கும்.

இதைத் தடுப்பதுதான் மெயின் ஃபியூஸ். வயர் தாங்கும் அளவைத் தாண்டி மின்னோட்டம் போனால் அது உருகித் துண்டிக்கும். அளவுக்குள் போனால் சும்மா இருக்கும். சிக்கல் ஆரம்பிப்பதும் அங்கேதான்.

கரண்ட் சரியாத்தானே போகுது, அப்புறம் ஏன் சூடு?

ஃபியூஸ் பார்ப்பது எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்பதை மட்டும்தான். ஆனால், ஒரு இணைப்பில் உண்டாகும் சூடு, மின்னோட்டத்தோடு அந்த இணைப்பின் தடையையும் பொறுத்தது. கணக்கு எளிதுதான்: மின்னோட்டம் × மின்னோட்டம் × தடை = சூடாக மாறும் வாட்.

ஒரு மலிவு ஹோல்டரில் வயரும் உலோகத் துண்டும் சேரும் இடத்தில் 5 மில்லி ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு ஓமில் 1,000-ல் 5 பங்கு. சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவில் இது பூஜ்யம் போலத்தான் தெரியும்.

அந்த இணைப்பில் பார்க்கிங் விளக்குக்காக 5 ஆம்பியர் ஓடினால், உண்டாகும் சூடு 0.125 வாட். கை வைத்தால்கூடத் தெரியாது. அதே இணைப்பில் ஆம்ப்ளிஃபயருக்காக 70 ஆம்பியர் ஓடினால்? 70 × 70 × 0.005 = 24.5 வாட். மொபைல் சர்வீஸ் கடையில் ஈயம் உருக்க வைத்திருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதே அளவு சூடு, தீப்பெட்டி அளவுள்ள ஒரு மூடிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள்!

இந்த நேரத்தில் 100 ஆம்பியர் ஃபியூஸ் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. அதன் கணக்கில் 70 ஆம்பியர்தான் போகிறது, எல்லாம் சரி. ஹோல்டர் உருகிக்கொண்டே இருக்கும்.

இதில் இன்னொரு மோசமான விஷயம், சூடு தன்னைத் தானே வளர்த்துக்கொள்வது. பிளேடு ஃபியூஸைக் கவ்விப் பிடிக்கும் உலோக கிளிப் சூடானால் அதன் இறுக்கம் தளரும். இறுக்கம் தளர்ந்தால் தடை கூடும். தடை கூடினால் சூடு இன்னும் கூடும். கூடவே உலோகத்தின் மேல் ஆக்சைடு படியும், அதுவும் தடையைக் கூட்டும். மாட்டிய அன்று நன்றாக இருந்த ஹோல்டர் ஆறு மாதம் கழித்து உருகுவது இப்படித்தான்.

பெரிய ஃபியூஸ் போட்டா சரியாகிடுமா?

ஃபியூஸ் அடிக்கடி போகும்போது, “100 ஆம்ஸ் போட்டுடலாம் அண்ணே, இனி போகாது” என்ற யோசனை சுலபமாக வந்துவிடும். வீட்டு ஃபியூஸ் கட்டையில் நாலு இழை செம்புக் கம்பியைச் சேர்த்து முறுக்கிச் சுற்றிய பழக்கத்தின் நீட்சி இது. அப்படிச் செய்தால் ஃபியூஸ் போகாது என்பது உண்மைதான். ஆனால், அடுத்து உருகப்போவது வயர்.

ஃபியூஸ் அளவை முடிவு செய்ய இரண்டு எல்லைகள் உண்டு. கருவி இழுக்கும் மின்னோட்டத்தைவிட ஃபியூஸ் பெரிதாக இருக்க வேண்டும். வயர் தாங்கும் மின்னோட்டத்தைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே இடமே இல்லையென்றால், மாற்ற வேண்டியது வயரைத்தான், ஃபியூஸை அல்ல.

இன்னொரு விஷயம். ‘30 ஆம்பியர்’ என்று எழுதியிருந்தால் 31-வது ஆம்பியரில் ஃபியூஸ் போய்விடும் என்று அர்த்தமில்லை. பிரபல நிறுவனங்களின் பிளேடு ஃபியூஸ் அட்டவணைப்படி, 110 சதவீத மின்னோட்டத்தை அது 100 மணி நேரம்கூடத் தாங்கும். 135 சதவீதத்தில், அதாவது 30 ஆம்பியர் ஃபியூஸில் சுமார் 40 ஆம்பியர் ஓடும்போது, அது போவதற்கு 10 நிமிடம் வரை ஆகலாம். அந்த 10 நிமிடமும் சூட்டைத் தாங்கி நிற்க வேண்டியது ஹோல்டர்தான். தொடர்ந்து ஓடும் லோடு ஃபியூஸ் அளவில் 75 முதல் 80 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்று சொல்வதும் இதனால்தான். இன்ஜின் பக்கம் மாட்டினால் இன்னும் கொஞ்சம் இடம் விட வேண்டும். அங்கே வெப்பம் சாதாரணமாகவே 80 டிகிரியைத் தொடும்.

உங்களுக்கு எத்தனை ஆம்பியர்?

ஆம்ப்ளிஃபயர்: பெட்டியில் ‘2,000 வாட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். அதன் உடம்பில் செருகியிருக்கும் ஃபியூஸ்களைக் கூட்டுங்கள். இரண்டு 30 ஆம்பியர் பிளேடுகள் இருந்தால் மொத்தம் 60. ஆகவே பேட்டரி பக்கம் 60 ஆம்பியர் மெயின் ஃபியூஸ். பாட்டு ஏறி இறங்கி ஓடுவதால் சராசரி மின்னோட்டம் இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

வயர்: 5 மீட்டர் தூரத்துக்கு 16 சதுர மி.மீ. செம்பு வயர் என்றால் 60 ஆம்பியரில் சுமார் 0.33 வோல்ட் இழப்பு, ஏற்கத்தக்கது. கிட் பெட்டிகளில் வரும் 8 கேஜ் வயர் (சுமார் 8.4 சதுர மி.மீ.) என்றால் இழப்பு 0.6 வோல்ட்டைத் தாண்டும். அதிலும் பல கிட்களில் வருவது செம்பு பூசிய அலுமினியம். வெளியே செம்பு நிறம், உள்ளே அலுமினியம். அப்படிப்பட்ட 16 சதுர மி.மீ. வயர், ஏறக்குறைய 10 சதுர மி.மீ. செம்புக்குத்தான் சமம். நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம்.

இன்வெர்ட்டர்: கேம்பர் வேனிலோ, ஃபுட் டிரக்கிலோ 1,000 வாட் இன்வெர்ட்டர் மாட்டுகிறீர்கள் என்றால், 90 சதவீத செயல்திறனில் அது பேட்டரியிலிருந்து இழுப்பது சுமார் 1,110 வாட். 12 வோல்ட்டில் அது 93 ஆம்பியர். பேட்டரி இறங்கி 11 வோல்ட்டுக்கு வந்தால் 101 ஆம்பியர். ஆக, 125 ஆம்பியர் ஃபியூஸும் அதற்கேற்ற தடிமனான வயரும் தேவை. பாட்டு மாதிரி ஏறி இறங்காமல், கெட்டிலோ மிக்ஸியோ ஓடும் வரை அதே அளவில் இழுத்துக்கொண்டே இருப்பதால், ஹோல்டருக்கு உண்மையான சோதனை இதுதான்.

கடையில் என்னென்ன கிடைக்கும்?

சென்னை ஜி.பி. ரோடு போன்ற கார் ஆக்சஸரீஸ் கடைவீதிகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் முக்கிய வகைகள் இவை:

பிளேடு ஃபியூஸ் இன்லைன் ஹோல்டர்: கார் ஃபியூஸ் பாக்ஸில் இருக்கும் அதே கலர் கலர் ஃபியூஸ். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர். ஃபாக் லேம்ப், ஹார்ன், டேஷ் கேமராவுக்குப் போதும். மூடியில் 30 ஆம்பியர் என்று போட்டிருந்தாலும், ஹோல்டரோடு வரும் வயர் அதற்கு ஏற்ற தடிமனா என்று பாருங்கள். தொடர்ந்து 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் வேலைக்கு இதை நம்ப வேண்டாம்.

மேக்ஸி பிளேடு: அதே வடிவம், பெரிய உடம்பு. 80 ஆம்பியர் வரை கிடைக்கும். ஆனால், இதுவும் கிளிப் கவ்விப் பிடிக்கும் வகைதான். 40, 50 ஆம்பியர் வரை, அதுவும் நல்ல பிராண்ட் ஹோல்டரில் மட்டும்.

ஏஜியு எனும் கண்ணாடிக் குழாய்: தங்க நிறப் பூச்சும் கண்ணாடி மூடியுமாகப் பளபளப்பாக இருக்கும். மலிவு ஆம்ப்ளிஃபயர் கிட்களில் இதுதான் வரும். குழாயின் இரு முனைகளையும் மெல்லிய கிளிப்போ ஸ்பிரிங்கோ தொட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். தொடும் பரப்பு குறைவு, அதிர்வில் தளரும். உருகிய ஹோல்டர் என்று பேச்சு வந்தால் பெரும்பாலும் இந்த வகைதான் அடிபடும்.

மிடி: தட்டையான சிறிய ஃபியூஸ். இரு பக்கமும் துளை இருக்கும், 5 மி.மீ. போல்ட்டில் நட் போட்டு முறுக்க வேண்டும். 30 முதல் 200 ஆம்பியர் வரை கிடைக்கும். கார் கம்பெனிகளே பயன்படுத்தும் வகை. 40 முதல் 125 ஆம்பியர் வரையிலான பெரும்பாலான வேலைகளுக்கு இது போதும்.

மெகா: அதே அமைப்பு, பெரிய அளவு. 8 மி.மீ. போல்ட். 100 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து இழுக்கும் இன்வெர்ட்டருக்கு ஏற்றது.

ஏஎன்எல்: இதுவும் போல்ட் வகை. கார் ஆடியோவில் பிரபலம். நல்லதும் உண்டு, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வரும் மலிவுச் சரக்கும் உண்டு. ‘மினி ஏஎன்எல்’ என்ற பெயரில் வருவது பார்க்க மிடி மாதிரியே இருக்கும். ஒன்றின் ஃபியூஸை மற்றதன் ஹோல்டரில் வலுக்கட்டாயமாகத் திணிக்கக் கூடாது. துளை தூரம் சரியாகப் பொருந்த வேண்டும்.

பட்டன் அழுத்தி ரீசெட் செய்யும் சர்க்யூட் பிரேக்கர்: வசதியானதுதான். ஆனால், பெயர் தெரியாத மலிவு மாடல்களில் உள்ளே எப்படிப்பட்ட தொடர்பு இருக்கிறது என்று பார்க்கவே முடியாது. நம்பகமான பிராண்ட் இல்லையென்றால் போல்ட் ஃபியூஸே மேல்.

சுருக்கமாகச் சொன்னால், 40 ஆம்பியரைத் தாண்டினால் கவ்விப் பிடிக்கும் வகையை விட்டுவிட்டு, முறுக்கிப் பிடிக்கும் வகைக்குப் போய்விடுவது நல்லது. கிளிப்பின் இறுக்கம் சூட்டில் தளரும். சரியாக முறுக்கிய போல்ட் அவ்வளவு எளிதில் தளராது.

வாங்கும்போது இந்த 6 விஷயங்களைப் பாருங்க

1. வயர் எப்படி மாட்டுகிறது? பக்கவாட்டில் சின்ன அலன் ஸ்க்ரூ வைத்து வயர் இழைகளை நசுக்கும் ஹோல்டர்கள் நாளடைவில் தளரும். லக் அடித்த வயரை போல்ட்டில் மாட்டும் வகையே நம்பகமானது.

2. மின்னோட்டம் எதன் வழியாகப் போகிறது? நல்ல அமைப்பில் வயரின் லக்கும் ஃபியூஸின் தகடும் நேருக்கு நேர் ஒட்டி நிற்கும். போல்ட் இரண்டையும் அழுத்திப் பிடிக்க மட்டுமே. லக் கீழே, ஃபியூஸ் மேலே, நடுவில் இரும்பு வாஷர் என்று அமைத்தால் மொத்த மின்னோட்டமும் அந்த வாஷர் வழியாகப் போகும். அது சூடாகும்.

3. உலோகம் என்ன? ஒரு சின்ன காந்தத்தைக் கொண்டுபோங்கள். மின்சாரம் கடத்தும் தகடு காந்தத்தில் பலமாக ஒட்டினால் அது பூச்சு போட்ட இரும்பு, வேண்டாம். செம்பும் பித்தளையும் ஒட்டாது. நட், போல்ட் மட்டும் இரும்பாக இருக்கலாம், தவறில்லை. தங்க நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அது வெறும் மேல்பூச்சு.

4. பிளாஸ்டிக் என்ன? கண்ணாடி இழை கலந்த நைலான் நல்லது. நைலான் 66 உருக 260 டிகிரி வரை ஆகும். பல மலிவு ஹோல்டர்களில் வரும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் 100 டிகிரியை ஒட்டியே இளக ஆரம்பித்துவிடும். ‘யுஎல் 94 வி-0’ என்ற குறியீடு இருந்தால், தீ பட்டாலும் சில நொடிகளில் தானாக அணைந்துவிடும் ரகம் என்று அர்த்தம்.

5. ஹோல்டருக்கே ஆம்பியர் அளவு போட்டிருக்கிறதா? ஃபியூஸில் இருக்கும் எண்ணைப் பார்த்து ஹோல்டரை மதிப்பிடக் கூடாது. நல்ல நிறுவனங்கள் ஹோல்டருக்குத் தனியாக அதிகபட்ச ஆம்பியர், வோல்டேஜ், எந்தத் தடிமன் வயர் என்ற மூன்றையும் கொடுத்திருக்கும். வாகன ஃபியூஸ்களுக்கான ஐஎஸ்ஓ 8820 தரத்தைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

6. தண்ணீர் போகுமா? பானெட்டுக்குள் மாட்டுவது என்றால் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரம் இறங்கினால் பச்சை பூத்து, அதே தடைப் பிரச்சினை மறுபடி ஆரம்பிக்கும்.

மாட்டும்போது செய்யும் தவறுகள்

நல்ல ஹோல்டரையும் மோசமாக மாட்டினால் பயனில்லை. கூடியவரை பேட்டரிக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். 18 அங்குலத்துக்குள், அதாவது சுமார் 45 செ.மீ.க்குள் என்பது கார் ஆடியோ வேலையில் பழகிப்போன கணக்கு. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் உள்ள வயருக்குப் பாதுகாப்பே கிடையாது என்பதுதான் காரணம். டிக்கியில் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் மட்டும் ஃபியூஸ் போட்டால், காரின் முழு நீளத்துக்கும் காவல் இல்லாத வயர் ஓடுகிறது என்று பொருள்.

லக்கை சரியான கிரிம்பிங் கருவியால் அடிக்க வேண்டும். கட்டிங் பிளேயரில் நசுக்கி, மேலே டேப் சுற்றிவிடுவது இந்த அளவு மின்னோட்டத்துக்கு ஒத்துவராது. லக் அடித்த பிறகு கையால் பலமாக இழுத்துப் பாருங்கள், அசையவே கூடாது. நட்டை நிறுவனம் சொல்லும் டார்க் அளவுக்கு முறுக்குங்கள். தளர்வாக விட்டால் சூடாகும். வெறித்தனமாக முறுக்கினால் போல்ட்டின் அடிப்பக்கம் பிளாஸ்டிக்கோடு கழன்று வந்துவிடும்.

ஹோல்டரை அந்தரத்தில் தொங்கவிடாமல் ஸ்க்ரூ போட்டு நிறுத்துங்கள். வேலை நடக்கும்போது பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி வைப்பது முதல் விதி. காரின் ஒரிஜினல் வயரிங்கை வெட்டி இணைத்தால் வாரண்டி மறுக்கப்பட அது காரணமாகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரியா மாட்டியிருக்காங்களா? வீட்டிலேயே சோதிக்கலாம்

இதற்கு ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். ஓம் அளவில் வைக்க வேண்டாம்; டிசி மில்லி வோல்ட்டில் வையுங்கள். இன்வெர்ட்டரில் லோடு போட்டோ, ஆம்ப்ளிஃபயரைச் சத்தமாக ஓடவிட்டோ, ஒரு முனையை லக்கிலும் மறுமுனையை ஃபியூஸ் தகட்டிலும் வைத்துப் பாருங்கள். அதேபோல மறுபக்க இணைப்பையும் பாருங்கள்.

நல்ல இணைப்பில் சில மில்லி வோல்ட்தான் காட்டும். ஒரு பக்கம் 4, மறுபக்கம் 60 என்று காட்டினால் அந்த இரண்டாவது இணைப்பில்தான் கோளாறு. 50 ஆம்பியர் ஓடும்போது 60 மில்லி வோல்ட் என்றால், அந்த ஒரே இடத்தில் 3 வாட் சூடு. கழற்றி, சுத்தம் செய்து, மறுபடி முறுக்குங்கள். ஃபியூஸின் இரு முனைகளுக்கும் நடுவே கொஞ்சம் கூடுதலாகக் காட்டுவது இயல்பு. ஃபியூஸுக்குச் சொந்தத் தடை உண்டு.

மீட்டர் இல்லையா? 20 நிமிடம் ஓடவிட்டு, எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு, ஹோல்டரின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு என்றால் அதை அப்படியே விடக் கூடாது. மாட்டிய ஒரு மாதத்தில் ஒரு முறை, பிறகு ஒவ்வொரு சர்வீஸின்போதும் நட் இறுக்கத்தைப் பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம்.

லித்தியம் பேட்டரி வச்சிருக்கீங்களா?

கேம்பர் வேன்களில் இப்போது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிகள் வருகின்றன. ஷார்ட் ஆனால் இவை ஆயிரக்கணக்கான ஆம்பியரைத் தள்ளக்கூடியவை. அவ்வளவு மின்னோட்டத்தைத் துண்டிக்கும் திறன் ஒவ்வொரு ஃபியூஸுக்கும் ஓர் எல்லை வரைதான் உண்டு. அதைத் தாண்டினால் ஃபியூஸ் உருகிய பிறகும் நடுவில் தீப்பொறி தொடர்ந்து ஓடலாம். அதனால் பெரிய லித்தியம் பேட்டரிகளின் வாசலில் ‘கிளாஸ் டி’ வகை ஃபியூஸைப் பரிந்துரைக்கிறார்கள். அது 20,000 ஆம்பியர் வரை துண்டிக்கக்கூடியது. 48 வோல்ட் அமைப்பு என்றால் 32 வோல்ட் என்று அச்சிட்ட சாதாரண கார் ஃபியூஸைப் பயன்படுத்தவே கூடாது.

கடைசியாக, செலவு. பல ஆயிரம் ரூபாய்க்கு ஆம்ப்ளிஃபயர் வாங்குபவர்கள் வயரிங் கிட்டில்தான் பேரம் பேசுகிறார்கள். கடைக்காரரும் அதற்கேற்ற கிட்டைத்தான் எடுத்து நீட்டுவார். அடுத்த முறை “எத்தனை ஆம்பியர் ஃபியூஸ்?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், “ஹோல்டர் எத்தனை ஆம்பியர் தாங்கும், போல்ட் வகை இருக்கா?” என்றும் கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் அந்த ஹோல்டரை வாங்க வேண்டாம்.